ரெய்ஸ் என்று சொல்ல வேண்டும்

டிச. 6, சனி

காலையில் பனிமூட்டம். டாக்குரியா ஸ்டேஷனில் ரயிலின் விளக்கு தெரிந்தது, ரயில் தெரியவில்லை.

கரியாஹாட் கடையில் கல்யாண சீசன். ஃபால்ஸ் தைக்க வந்த புடவை மூட்டை என் ஸ்டூலைவிட உயரம். முதலாளி ஷிப்ரா தி (இங்கே அக்காவுக்கு 'தி', அண்ணனுக்கு 'தா') வழக்கம்போல என்னைத் தவிர எல்லோரையும் திட்டினாள். நான் பதில் பேசாததால் என்னைத் திட்டினால் சுவாரசியம் இல்லையாம்.

நாளை எங்கள் தெருக் கிளப்பில் போக்கர் போட்டி. பணம் கிடையாது, ஒரு கோப்பைதான் பரிசு. பேர் கொடுத்தாயிற்று. அண்ணன் கொடுத்தான், நான் பக்கத்தில் நின்றேன். செக்ரட்டரி தபன் தா எழுதுவதை நிறுத்திவிட்டு, "உன் தங்கச்சிக்கா? லேடீஸுக்கு நம்பர் கூப்பிடுற ஹவுசி இருக்கே, பிரஷர் குக்கர் பரிசு" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையாட்டினேன். குக்கர் வீட்டில் இருக்கிறது.

இதுவரை கற்றது:
- கையில் இரண்டு சீட்டு. நடுவில் ஒவ்வொன்றாகத் திறக்கும் ஐந்து, எல்லோருக்கும் பொது.
- மோசமான சீட்டு வந்தால் போட்டுவிட்டுக் காத்திருப்பது. இதில் நான் கெட்டிக்காரி.
- நல்ல சீட்டு வந்தால் சும்மா இருக்கக் கூடாது. ஏற்ற வேண்டும், அதாவது எதிராளி வைத்ததைவிட அதிகம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிராளி மலிவாக அடுத்த சீட்டைப் பார்த்துவிடுவான்.
- கடைசிச் சிப்பும் போனால் எழுந்துவிட வேண்டும்.

அண்ணனும் ஆபீஸ் நண்பர்களும் வாராவாரம் எங்கள் மாடியில் ஆடுவார்கள். ஆள் குறைந்த ஒருநாள் என்னை உட்கார வைத்தார்கள். மழைக்காலத்திலிருந்து நானும் ஓர் ஆள். சிப்புக்குப் பதில் கடையில் கேட்டு வாங்கிய ஜோடியில்லாத பட்டன்கள். பேசவே வேண்டாம். பட்டனை நகர்த்தினால் போதும், "வள்ளி ஏத்திட்டா டோய்" என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

அப்பா கார்டன் ரீச் ஆபீஸிலிருந்து வந்து விஷயம் கேள்விப்பட்டார். "பள்ளிக்கூடத்துல வாயத் தொறக்காதவ, சீட்டாட்டத்துல தொறக்கப் போறாளாக்கும்."

ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள். சத்தம் வராது. பீரியட் முழுக்க நிற்பேன். ஒருநாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அவ்வளவுதான். வருத்தம் என்று எழுதினால் பொய்.

டிச. 7, ஞாயிறு

தோற்றேன்.

தோற்றது கூடப் பரவாயில்லை. தோற்ற விதம்!

எட்டுப் பேர் மேஜை. நான் ஒருத்திதான் பெண். எதிரே பிமல் காக்கு (சித்தப்பா வயதுக்காரர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது), குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே. உட்கார்ந்ததுமே எனக்குப் பேர் வைத்தார்: மொய்னா. மைனா. "பேசாத மைனா! கூண்டத் தட்டினா பேசுமா?" மேஜையைத் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். தபன் தாவும்.

எனக்கு இரண்டு ராஜா வந்தது. நடுவில் மூன்று சீட்டு திறந்தபோது ராஜாவுக்கு மேல் எதுவும் இல்லை. பிமல் காக்கு முந்நூறு வைத்தார். நான் ஆயிரம் என்று எழுதிய சிப் ஒன்றை எடுத்து வைத்தேன். ஏற்றினேன்.

ஏற்றினேன் என்று நான் நினைத்தேன்.

தபன் தா எழுநூறை என் பக்கம் திருப்பித் தள்ளினார். "ரெய்ஸ்னு நீ சொல்லல, மா. ஒத்தப் பெரிய சிப்ப பேசாம வச்சா, சமமா வச்சதாத்தான் கணக்கு. எல்லாருக்கும் இதே ரூல்."

வீட்டில் எல்லாப் பட்டனுக்கும் ஒரே மதிப்பு. இரண்டு வைத்தால் இரண்டு. பெரிய சிப் என்று ஒன்று இருந்ததே இல்லை. பேச வேண்டிய தேவையும் இருந்ததில்லை.

சொல்லியிருக்கலாம், நான் ஏற்றத்தான் நினைத்தேன் என்று. சொல்லவில்லை. அடுத்த சீட்டு ஆட்டின். அதற்கடுத்ததும் ஆட்டின். பிமல் காக்குவுக்கு ஐந்து ஆட்டின் சேர்ந்துவிட்டது; ஐந்தும் ஒரே இனம் என்றால் ஜோடி ராஜாவும் தோற்கும். ராஜாக்களை நம்பிக் கடைசிவரை வைத்துக்கொண்டே போனதில் என் சிப் எல்லாம் போனது.

சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்: "நீ ஏத்தியிருந்தா நான் அப்பவே சீட்டப் போட்டிருப்பேன், மொய்னா."

இதை ஏன் சொன்னார்?

டிச. 8, திங்கள்

கோபத்தில் இரண்டு ஊசி உடைந்தது. ஷிப்ரா தி கூலியில் பிடிக்கவில்லை, முகத்தைப் பார்த்துவிட்டு டீ சொன்னாள்.

முதல் ஞாயிறு தோற்றவர்கள் அடுத்த ஞாயிறு இன்னொரு முறை உட்காரலாமாம். ஒரே ஒரு முறை. தபன் தா அண்ணனுக்கு போன் செய்திருக்கிறார். பாவம் கூச்சப்படுகிறாள், நீ பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்காகச் சொல்லு, கமிட்டி ஒத்துக்கொண்டுவிட்டது என்று.

கமிட்டி கூடிப் பேசியிருக்கிறது, என் வாயைப் பற்றி.

அண்ணன்: "நல்லதுதானே? நீ தொடையத் தட்டு, நான் சொல்லிடறேன்."

நான்: "உன் வாயால நான் ஆட மாட்டேன்."

"அப்ப எந்த வாயால ஆடுவ?"

எந்த வாய் என்று தெரியவில்லை. ஆனாலும் மாட்டேன்.

டிச. 10, புதன்

நல்ல குளிர். விரல் மரத்துப்போகிறது.

மெஷின் மோட்டார் ஓடும்போது 'ரெய்ஸ்' என்று சொல்லிப் பார்த்தேன். மோட்டார் சத்தத்துக்குள் நன்றாகவே வருகிறது. பெடலிலிருந்து காலை எடுத்தால் குரலும் நின்றுவிடுகிறது. மதியம் முழுக்க இதுதான். கால் வை, சொல். கால் எடு, சொல்.

சாயங்காலம் மோட்டார் நின்ற பிறகு வந்துவிட்டது. கடை முழுக்கக் கேட்டது. தையல் கூலியைக் கூட்டுகிறேன் என்று நினைத்து ஒரு அம்மா சண்டைக்கு வந்தாள். "போன மாசம் குடுத்ததுதான் குடுப்பேன், ஒரு பைசா கூட மாட்டேன்!" ஷிப்ரா தி அவளைச் சமாதானம் செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

எனக்குச் சிரிப்பு. அடக்கவில்லை.

டிச. 13, சனி

அப்பா: "திரும்பப் போறியாமே? ஒரு தடவ மானம் போனது பத்தாதா?"

அம்மா: "போறதுன்னா ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுப் போ." அம்மா யார் கட்சி என்று இன்றுவரை தெரியவில்லை.

மானம் என்னுடையது. போனால் நான் தேடிக்கொள்கிறேன்.

டிச. 14, ஞாயிறு

ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனேன். அண்ணனைக் கதவருகே நிற்கச் சொன்னேன். தபன் தா எனக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். அதை நானே தூக்கிச் சுவரோரம் வைத்தேன்.

பிமல் காக்கு போன வாரமே ஃபைனலுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். இல்லை. என்னிடம் வாங்கியதை எல்லாம் வேறு யாரிடமோ விட்டுவிட்டாராம். அதே குல்லாய். "மொய்னா, வா வா!"

ஃபைனலுக்கு மூன்று பேர். நான்கு பேர் மிச்சம் இருந்தபோது என்னிடம்தான் குறைவு. நேரம் ஆக ஆக, கட்டாயமாக வைக்க வேண்டிய சிப் ஏறிக்கொண்டே போகும். காத்திருந்தால் கரைந்துபோவேன். காத்திருப்பதில் கெட்டிக்காரி என்று மேலே பெருமையாக எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிட வேண்டும்.

கையில் ஒன்பதும் நாலும். நடுவில் ஏஸ், ராஜா, ஆறு. எனக்கு ஒன்றுமே இல்லை. பிமல் காக்கு ஆயிரம் வைத்தார். வைத்துவிட்டு மேஜையைத் தட்டினார், கூண்டைத் தட்டுகிற மாதிரி.

"ரெய்ஸ்."

தபன் தா: "ஏதாவது சொன்னியா, மா?" யாரோ, "ஜோரே போலோ! சத்தமா!" என்றார்கள்.

"ரெய்ஸ்!"

கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் கூடத் திரும்பினார்கள்.

"எவ்வளவு?"

இதை நான் பழகவே இல்லை. ஒரு வார்த்தைதான் பழகியிருந்தேன். காது சுட்டது. தொகை யோசித்துச் சொல்லும் அளவுக்கு மூச்சு இல்லை. இருந்த மூச்சில், "ஷொப்" என்றேன். எல்லாம் என்று. இரண்டு கையாலும் தள்ளினேன்.

பிமல் காக்கு குல்லாயைக் கழற்றினார். முதல்முறையாக அவர் காதைப் பார்த்தேன். சிவந்திருந்தது. என்னைப் பார்த்தார், சிப்பைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்து ஆளிடம், "இந்தப் பொண்ணு வாயத் தொறந்திருக்கான்னா கையில ரெண்டு ஏஸ் இருக்கு, எழுதி வச்சுக்கோ" என்று சொல்லி, சீட்டைப் போட்டுவிட்டார்.

ஊர் கேட்க நான் சொன்ன முதல் வார்த்தை. சுத்தப் பொய்.

"ஏஸ்தானே? காட்டேன், மொய்னா."

தபன் தா: "நீங்க சமமா சிப் வைக்காம சீட்டப் போட்டாச்சு, பிமல் தா. காட்டுறதும் காட்டாததும் அவ இஷ்டம்."

கவிழ்த்தபடியே தள்ளினேன்.

கொஞ்ச நேரத்தில் பிமல் காக்குவே வெளியே போனார். நான் மூன்றாவது. ஃபைனல் உண்டு.

வழியெல்லாம் அண்ணன்: "என்ன சீட்டு? எனக்கு மட்டும் சொல்லு. சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." ஒரு எக் ரோல் வாங்கிக் கொடுத்தான். தின்றேன். சொல்லவில்லை.

டிச. 15, திங்கள்

வெயில். துவைத்த போர்வை காய்ந்துவிட்டது.

பிமல் காக்கு கடைக்கு வந்தார். அவர் மனைவி, காகியின் புடவைக்கு ஃபால்ஸ் வேண்டுமாம். பிரித்துப் பார்த்தால் ஏற்கெனவே ஃபால்ஸ் இருக்கிறது. "ஏஸ்தானே?" என்றார், மெதுவாக. "இதுல ஃபால்ஸ் இருக்கு, காக்கு" என்றேன். அவர் மொய்னா என்று கூப்பிடவில்லை. என் பேர் என்ன என்று கேட்டார். வள்ளி என்றேன். ஷிப்ரா தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரிச் சாப்பாடு. அப்பா தலையை நிமிர்த்தாமல், "ஆபீஸ்ல டாக்குரியாக்காரன் ஒருத்தன் சொன்னான். அப்படி என்னட்டி சீட்டு வச்சிருந்த?"

"பார்க்கணும்னா உள்ள சிப் வச்சிருக்கணும்ப்பா."

மோட்டார் எதுவும் ஓடவில்லை. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்பா ரொம்ப நேரம் சாதத்தைப் பிசைந்தார். பிறகு ரசம் கேட்டார்.

ஊற்றினேன்.