கரண்டி பிடித்த கை

மல்லசமுத்திரம் மில்,
10.6.2025

கோபக்கார மாமாவுக்கு,

கொழுந்தியா கந்தம்மாளின் வணக்கம். ஆத்தாயி அக்கா சுகமா? போன் பண்ணினால் "டூட்டி" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் நூல் லாரி டிரைவர் கதிர்வேலிடம் லெட்டர் கொடுத்தனுப்புகிறேன். இதைக் கட் பண்ண முடியாதல்லவா?

நம் மில்லில் புதிதாக ஒரு நல்ல காரியம். வெல்பேர் ஆபீசர் சபரிநாதன் சார் கேன்டீனில் எல்லாரையும் உட்காரவைத்து, "முன்னாள் படைவீரர்கள் இருந்தால் எழுந்து நில்லுங்கள், உங்களுக்கு என்னென்ன கிடைக்கும் என்று சொல்கிறேன்" என்று காகிதத்தைப் பார்த்துப் படித்தார். பிள்ளைகளுக்குக் காலேஜில் தனி இடமே உண்டாம். நாமக்கல் முன்னாள் படைவீரர் நல ஆபீசில் சான்று வாங்கினால் போதுமாம். நான் சாம்பார் வாளியோடு, "எங்க மாமா இருக்காருங்க, வேலூர் யூனிட்டு வாட்ச்மேனுங்க!" என்று கத்திவிட்டேன்.

அங்கேயும் வந்து படித்தாராமே? உங்களோடு வேலை பார்க்கிற பெரியசாமி அண்ணன் மட்டும் எழுந்தாராம். நீங்கள் கேட்டையே பார்த்து உட்கார்ந்திருந்தீர்களாம். கேட் எங்கேயும் ஓடிப்போகாது மாமா. மதுமதியின் நர்சிங் சீட்டுக்கு இருபதாம் தேதி கடைசி. உங்கள் மகள்தானே அவள்?

கந்தம்மாள்

பரமத்தி வேலூர்,
12.6.2025

கந்தம்மாளுக்கு,

அக்கா சுகம். சார் படித்தது படைவீரர் என்று. பெரியசாமி எதிரியைச் சுட்டவர், காலில் குண்டு வாங்கியவர். பதினேழு வருஷம் மிலிட்டரியில் நான் சுட்டது சப்பாத்தி. அவர் பக்கத்தில் எந்த முகத்தோடு எழுந்து நிற்பது? மதுவுக்கு சீட் வேண்டும்தான். இல்லாத பேரைச் சொல்லி வாங்க வேண்டாம். இதோடு விடு.

செங்கோடன்

மல்லசமுத்திரம் மில்,
13.6.2025

சப்பாத்தி சுட்ட மாமாவுக்கு,

சிரித்த சிரிப்பில் ரசம் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது. நேராகச் சாரிடம் போனேன்.

"ஏனுங்க சார், மிலிட்டரியில சோறாக்குனவரு வீரருங்களா?"

"டிஸ்சார்ஜ் புக் இருக்குதுங்களாம்மா?"

"பீரோவுல, பட்டுச்சீலைக்கு அடியில எங்கக்கா வெச்சிருக்குதுங்க."

"அப்ப அவரும் முன்னாள் படைவீரர்தாம்மா. சமையலோ சலவையோ, படையில சேந்து வேலை பாத்தவங்கதானே!"

இன்னொன்று. பெரியசாமி அண்ணன் கதிர்வேலிடம் என்ன சொன்னார் தெரியுமா? "செங்கோடன் எந்திரிப்பாருன்னு நம்பித்தான் நான் எந்திரிச்சேன். என்னை ஒத்தையா நிக்க வெச்சுட்டாரு, சாமி."

அதற்கு என்ன சொல்கிறீர்கள்? திங்கட்கிழமை நாமக்கல் பஸ் ஏறுங்கள். ஏறாவிட்டால் நானே வாரேன். வந்தால் நாலு நாள் இருப்பேன்.

கந்தம்மாள்

பரமத்தி வேலூர்,
21.6.2025

அன்புள்ள கந்தம்மாளுக்கு,

நீ நாலு நாள் இருப்பதற்கு நாமக்கல்லே தேவலை என்று பெரியசாமியையும் கூட்டிக்கொண்டு போனேன். சான்று கிடைத்தது. மது விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

நேற்றுச் சாரிடம், "வெறும் படைவீரர்னு படிக்காதீங்க சார். மிலிட்டரியில எந்த வேலை பாத்திருந்தாலும்னு சேத்திப் படிங்க" என்றேன். இன்று ஷிப்ட் மாறும்போது அப்படியே படித்தார். நானும் பெரியசாமியும் எழுந்தோம். வேறு யாரும் அசையவில்லை. சார் காகிதத்தை மடிக்கும் நேரத்தில், மில் கூட்டுகிற அங்காளம்மாள் விளக்குமாற்றைக் கீழே வைத்தார்.

"எங்க ஊட்டுக்காரரு மிலிட்டரியில துணி வெளுத்தாருங்க. இப்ப அவரு இல்லீங்க. நான் எந்திரிக்கலாமுங்களா?"

சார் வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "வாங்கம்மா, இப்படி எங்க பக்கத்துல வந்து நில்லுங்க."

இப்படிக்கு,
செங்கோடன்