கையை எடுத்தால் நின்றுவிடும்

8.2.66, செவ்வாய். சிதம்பரம்

காலையில் பனி. எட்டு மணிக்கெல்லாம் வெயில் கண்ணைக் கூசுகிறது. லண்டனில் பாதாள ரயில் ஓட்டிப் பழகிய கண். அங்கே பகல் ஷிப்ட் என்றாலும் எனக்கு இருட்டுதான்.

பெட்டிப் பூட்டு ரிப்பேர். கம்பளிக் கோட்டை வெயிலில் போட வேண்டும். மணிக்கட்டுக்குத் தைலம். விஜயாவுக்கு ரிப்பன், பச்சை வேண்டாம். பச்சை பிடிக்காதாம். அதுவும் அவள் அம்மா தனம் சொல்லித்தான் தெரிகிறது.

விஜயாவுக்கு ஏழு வயது. நான் ஊரை விட்டுப் போகும்போது கைக்குழந்தை. வந்ததிலிருந்து கதவுக்குப் பின்னால் நின்றுதான் என்னைப் பார்க்கிறாள். இன்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், “லண்டன்காரரு இன்னும் போவல” என்றாள். பெற்ற பெண்ணுக்கு நான் லண்டன்காரர்.

சாயங்காலம் தனத்திடம் மறுபடி கேட்டேன். லண்டனில் அறை பார்த்து வைத்திருக்கிறேன், இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்று. அவள் பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்திக்கொண்டே சொன்னாள்: “டீச்சர் வேலைய வேணா உட்டுடறேங்க. கொழந்த உங்கள ஒருவாட்டி அப்பான்னு கூப்புடட்டும். அதுக்கப்புறம் எங்க வேணாலும் வர்றேன்.”

கோபம் வந்தது. அவள் சொல்வது நியாயம். அதனால்தான் வந்தது.

10.2.66, வியாழன். கடலூர் ஓ.டி.

மூன்று பேரும் பஸ்ஸில் மச்சான் வீட்டுக்கு. தனத்தின் அண்ணன், கோவிந்தன். ரயில் எஞ்சின் டிரைவர். மாமா வீடு என்றதும் விஜயா குதித்தாள்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பரங்கிப்பேட்டை ரோடு தாண்டியதும், “வலிக்குது” என்றாள். என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. என் இடது கை அவள் தோளை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. தோள் சிவந்துபோயிருந்தது. தனம் அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வேண்டுமென்று செய்யவில்லை. எங்கள் வண்டியில் இடது கைக்கு ஒரு பித்தளைப் பிடி. ஓடும் வரை அதை அழுத்தியே இருக்க வேண்டும். டிரைவர் மயங்கி விழுந்தால் பிடி மேலே எழும்பும், பிரேக் விழும், வண்டி நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். இங்கே வந்தும் கை அழுத்துகிறது. டம்ளர், தலையணை, பஸ் சீட்டுக் கம்பி. இன்று குழந்தை.

ஓ.டி. என்கிற இந்தப் பழைய டவுன் முழுக்கக் கருவாட்டு வாசனை. தூக்கம் இல்லை.

11.2.66, வெள்ளி

ரயில்வே யார்டில் பெட்டி கோக்கிற ஷண்டிங் வேலை. யாருக்கும் தெரியாமல் மச்சான் என்னை எஞ்சினில் ஏற்றிக்கொண்டார்.

அம்மாடி, என்ன சூடு. முன்னால் நெருப்பு, பின்னால் கரி. சீட் என்றால் ஒரு பலகை. பாதி நேரம் நின்றுகொண்டேதான் ஓட்டுகிறார். லண்டனில் எனக்கு மடக்கு சீட், மேலே மெல்லிசா ஒரு மெத்தை. முதுகு போய்விட்டது என்று அங்கே புலம்புவேன். இனி வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் இங்கே மூன்று பேர். சத்தம், சிரிப்பு, கரி அள்ளும் சட்டியில் டீ கொதிக்கிறது. என் கூண்டில் நான் மட்டும். கார்டு கடைசிப் பெட்டியில். அவன் முகம்கூட எனக்குத் தெரியாது, மணி மட்டும் கேட்கும்.

மச்சான் நீராவிப் பிடியை இழுத்துவிட்டு, கையை எடுத்து, பீடி பற்ற வைத்தார். வண்டி பாட்டுக்குப் போகிறது. நான் கத்திவிட்டேன்.

“கைய எடுத்துட்டீங்களே மச்சான்!”

“எடுத்தா இன்னா? அது போய்க்கினே இருக்கும் மாப்ளே. நாம புடிச்சி நிறுத்துனாத்தான் நிக்கும்.” கரி போடும் ஃபயர்மேன்கள் சிரித்தார்கள்.

என் பிடியைப் பற்றிச் சொன்னேன். பித்தளைப் பிடிக்குக் காவலாக ஒரு ஆளா என்று கேட்டார். சிரித்தேன். பிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

13.2.66, ஞாயிறு. சிதம்பரம்

இன்று ஒரு நல்ல காரியம்.

கூடத்தில் பெஞ்சைப் போட்டு ரயில் செய்தேன். இடது கைக்கு முறுக்கு அச்சு. வலது கைக்கு, பிரேக், மோர் மத்து. கதவிடுக்கில் இரண்டு கண். நான் பார்க்காத மாதிரி, “கையை எடுத்தால் நின்றுவிடும், எல்லோரும் விழுந்துவிடுவார்கள்” என்று சுவரிடம் சொன்னேன். கையை எடுத்தேன். உஸ்ஸ் என்று சத்தம் போட்டு நானே விழுந்தேன்.

சிரித்துவிட்டாள்!

பிறகு அவள்தான் டிரைவர். தனம் கார்டு, பூஜை மணியோடு. சாப்பிடக் கூப்பிட்டால் எழவில்லை. அச்சை அழுத்தியபடியே வலது கையால் சோறு. விடமாட்டேன் என்கிறாள். “எடுத்தா எல்லாரும் உழுந்துடுவாங்கம்மா.”

அம்மாவிடம்தான் சொன்னாள். என்னிடம் இல்லை.

16.2.66, புதன்

தினமும் ரயில்தான். என்னைக் கூப்பிட வேண்டிவந்தால் “இந்தாங்க” என்கிறாள். இல்லையென்றால் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். தனமும் காத்திருக்கிறாள். வி. வாயைத் திறக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிடுகிறோம். குழந்தைக்கு என்ன தெரியும். சொல்லிக் கொடுத்துச் சொல்ல வைத்தால் அது கணக்கில் வருமா? வராது.

மச்சான் வந்திருந்தார். “இங்கியே இருந்துடேன் மாப்ளே.” இருக்கலாம். இங்கே ஓட்ட எனக்கு என்ன இருக்கிறது? மேலவீதி போனேன், வந்தேன். மறுபடி போனேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த இருட்டுக்கு மனசு ஏங்குகிறது. கட்டிய மனைவியும் குழந்தையும் இங்கே இருக்கும்போது. வெட்கமாக இருக்கிறது.

டிக்கெட் சனிக்கிழமைக்கு. தனம் கம்பளிக் கோட்டை மடித்து வைத்தாள்.

19.2.66, சனி

வண்டியில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. விழுப்புரம் வரை மச்சான்தான் டிரைவர்.

ஸ்டேஷனில் நல்ல கூட்டம். பெட்டியை ஏற்றினேன். தனம் தண்ணீர்க் கூஜா கொடுத்தாள். “போய்ச் சேந்ததும் கடுதாசி போடுங்க.” அவ்வளவுதான். வி. புது ரிப்பனோடு, சிவப்பு, அம்மா புடவையைப் பிடித்தபடி. டாட்டா சொல்லச் சொன்னார்கள். சொல்லவில்லை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கை. அழுத்திக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

மச்சான் விசில் கொடுத்தார். வண்டி அசைந்தது. புடவையை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“கைய எடுங்க! அப்பா, கைய எடுங்கப்பா, நின்னுடும்!”

எடுத்தேன். இரண்டு கையையும் எடுத்து அவளிடம் காட்டினேன். பிளாட்பாரம் முடியும் வரைக்கும் ஓடி வந்தாள்.