எந்த மிஸ்?

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஆபரேஷன் ஆன என் அம்மாவின் கண்கட்டைப் பிரித்துவிட்டார்கள். இனி நான் இல்லாமலே சமாளித்துக்கொள்வாள்.

நான் இங்கே வந்த பத்து நாளில் நாலு தடவை ஆபீஸ் பஸ்ஸை மிஸ் பண்ணிவிட்டீர்களாம். ஏன் என்று பாப்பாவிடம் போனில் கேட்டேன். "அப்பா ஸ்கூல் வாசல்ல எங்க மிஸ்கூடச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறாரும்மா. சென்ட்டெல்லாம் போட்டுக்கிறாரு" என்றாள். நான் கூப்பிட்டால் மட்டும் மிஸ்டு கால்.

நேற்று 'மிஸ் யூ' என்று அனுப்பியிருந்தீர்கள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. பூரித்துப்போனேன். பிறகுதான் சந்தேகம் வந்தது. அது எனக்கு எழுதியதா, மிஸ்ஸுக்கு எழுதியது கைதவறி எனக்கு வந்ததா?

பதில் வேண்டாம். திங்கட்கிழமையிலிருந்து பாப்பாவைப் பள்ளியில் நானே விடுகிறேன். நீங்கள் பஸ்ஸைப் பிடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மிஸஸ்