கல்லறைச் சுவருக்கு அந்தப் பக்கம்

இயேசு மரி சூசை துணை

நன்னிலம்
13.11.99

அன்பு மகள் பிலோமினாவுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகம், அந்தக் குளிரிலும் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். சம்பாவுக்கு முதல் களை எடுத்தாயிற்று, மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, அம்மாவின் முழங்கால் வலி மழையை முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. செவ்வாய்க்கிழமை டி.வி.யில் உங்கள் பெர்லின் நகரத்தை இரண்டாகப் பிரித்திருந்த சுவரைப் பற்றி ஒரு படம் காட்டினார்கள், அது விழுந்து பத்து வருஷமாம். நீ அனுப்பிய சுவர்த் துண்டை ஷோகேஸிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் விளக்கவுரை செய்துகொண்டிருந்தேன். நம் வயலில் வேலை செய்யும் மதலைமுத்து வாசற்படியோரம் நின்று பார்த்தவன், ஏங்கய்யா, அந்தச் சுவரு உசுரோட இருக்கிறவங்களுக்கு மட்டுந்தானா, செத்தவங்களுக்குக் கிடையாதுங்களா என்று கேட்டான். கேலியாகக் கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டு தப்பித்திருப்பேன், அவன் அப்படிக் கேட்கவில்லை. உன் அம்மா வேறு, பதில் சொல்லுங்க, இவ்வளவு நேரம் நல்லாத்தானே பேசுனீங்க என்றாள்.

நம் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஓடும் சுவர் உனக்குத் தெரியும், யார் கட்டியது என்று நான் சொன்னதில்லை. எழுபத்தொன்றில், அறுவடைக் கூலித் தகராறு நடந்த வருஷம், கோயில் கமிட்டிச் செயலாளராக இருந்து நான்தான் கட்டினேன். சாதி ஒழிக என்று மாநாட்டில் கைதட்டிவிட்டு வந்த அதே மாதம். ஆடு மாடு நுழையாமல் இருக்க என்று தீர்மானப் புத்தகத்தில் என் கையெழுத்தில் முத்துமுத்தாக இருக்கிறது. ஆடு இரண்டு பக்கமும் மேய்கிறது. மதலைமுத்து தெருவாரை நம்மோடு புதைக்கக் கூடாது என்பதுதான் விஷயம், அவர்களுக்கு வாய்க்காலோரப் பள்ளம். பெர்லின் சுவர் இருபத்தெட்டு வருஷத்தில் விழுந்துவிட்டது, நம்முடையதற்கும் இப்போது இருபத்தெட்டு, ஒரு கீறல் இல்லை. பத்து நாள் நானே பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்ற வைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறுவயதில் டைபாய்டில் கிடந்த உன்னை இடுப்பில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவள் மதலைமுத்துவின் தாய் மரியபுஷ்பம். அவள் இறந்ததிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அவளுக்கு உன் பேரால் மெழுகுவத்தி ஏற்றச் சொல்லி எழுதுகிறாய், ஏற்றினேன் என்று ஆறு வருஷமாக நானும் எழுதுகிறேன். ஏற்றினேன், சுவர் மேல். அந்தப் பக்கம் போனதே இல்லை. படம் பார்த்த மறுநாள் காலையில் போனேன். சுவரில் வழி வைக்கவில்லை, வாய்க்காலைச் சுற்றித்தான் போக வேண்டும். முழங்கால் அளவு தண்ணீர். எந்த மேடு என்று தெரியாமல் நின்றேன். மதலைமுத்து வந்து, அம்மா தண்ணிக்குள்ள இருக்காங்கய்யா, தை மாசந்தான் தெரிவாங்க என்றான். வத்தியை ஊன்ற இடமில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

நாளை பூசை முடிந்து கமிட்டி கூடுகிறது. சுவரை இடிக்கத் தீர்மானம் எழுதிவிட்டேன், கையெழுத்துப் போடவில்லை. எதிர்த்துப் பேச உன் பெரியப்பாதான் முதலில் எழுந்திருப்பார். அறுபத்தாறு வயதில் அண்ணனுக்குப் பயப்படுகிறேன் என்று மகளுக்கு எழுதுவது கேவலம்தான்.

குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போடு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். மாதா உங்களை அரவணைத்துக் காக்கட்டும். ஒன்றை மறக்காதே, சுவர் என்னாயிற்று என்று என்னிடம் கேட்காதே, நான் நன்றாக எழுதிவிடுவேன். உன் விலாசத்தை மதலைமுத்துவிடம் கொடுத்திருக்கிறேன், அவன் எழுதுவதை நம்பு.

உன் அப்பா,
சூ. ஞானாதிக்கம்