பூனை தேடி வந்த ஊறுகாய்

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாளாகிய இன்று, தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய திருநீறு பூசி, கிழக்கு முகமாக உட்கார்ந்து, கார்த்திகேசு ஆகிய நான் உறுதி கூறுகிறேன்: இந்த டைரியில் நான் எழுதப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. என்ன கதை என்று எனக்கே இன்னும் தெரியாது. ஆனால் நம்பமாட்டார்கள். அது மட்டும் நிச்சயம்.

காரணம் உண்டு. தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய காலத்தில், பிரேக் அறுந்த லோரியைச் சபாக்கிலிருந்து கோலசிலாங்கூர் வரை கொண்டுவந்து, வழியில் குறுக்கே வந்த யானைக்கு ஒதுங்கி வழியும் விட்டேன் என்று ஒருமுறை சொன்னேன். அன்றிலிருந்து இந்தத் தாமான் குடியிருப்பில் எனக்குப் புளுகு மாமா என்று பெயர். யானை இல்லைதான். எருமை. பிரேக்கும் கொஞ்சம் இருந்தது.

என் மனைவி திலகா இன்று ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டினாள். கொட்டையின் ஓடு துண்டோடு ஒட்டியிருக்க வேண்டும், அப்போதுதான் ஊறினாலும் குழையாது என்பது அவள் சட்டம். கத்தி விழுந்த வேகத்தைப் பார்த்தால் மாங்காயை வெட்டியதாகத் தெரியவில்லை. சத்தியசீலனை வெட்டியது போலிருந்தது.

சத்தியசீலன் பக்கத்து வீட்டுக்காரர், தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர். சித்ரா பௌர்ணமி அன்னதானத்துக்கு ஊறுகாய் எப்போதும் திலகாவின் கைதான். போன வருடம் வெயில் பற்றாமல் பூஞ்சை பூத்து, வாளியோடு கொட்டினோம். இந்த வருடக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் அவர் சொன்னது: "கடையில வாங்கிக்கலாம் அண்ணி. உங்களுக்கும் வயசாகுது பாருங்க."

திலகா எழுந்து, இந்த ஒரு முறை கொடுங்கள், கெட்டுப்போனால் இனிக் கோயில் சமையல்கட்டில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான். பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போனபின் அவளுக்கு மிச்சமிருக்கிற ராஜ்ஜியம் அந்தச் சமையல்கட்டு ஒன்றுதான்.

ஆனால் வெயிலைத் திருடியதே அந்த மனுஷன்தான். எங்கள் வாசலை மறைத்து மாடி எடுத்தாரே மாடி. சுபாங் விமான நிலையத்துக்குப் போகிற விமானமெல்லாம் அந்த மாடிக்கு ஒதுங்கித்தான் போகின்றன. எங்கள் வாசலில் சூரியன் எட்டிப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விடுகிறது.

ஏப்ரல் 17, வியாழன்

உப்பும் மஞ்சளும் பிரட்டி ஜாடியில் கிடந்த துண்டுகள் இன்று வெளியே வந்தன. பகலில் காய வேண்டும், இரவில் அதே உப்புத் தண்ணீரில் ஊற வேண்டும், தண்ணீர் வற்றும்வரை இதே வேலை.

காலையில் மெலாவத்திக் குன்றிலிருந்து குரங்குப் படை இறங்கியது. படைத்தலைவன் ஒரு துண்டை எடுத்துக் கடித்து, உப்பு தூக்கல் என்று என்னைப் பார்த்து முகம் சுளித்தான். துடைப்பத்தோடு போரிட்டு மீட்டேன். மத்தியானம் மழை.

ஏப்ரல் 18, வெள்ளி

மழை. திலகா முறத்தைப் பார்க்கிறாள். நான் திலகாவைப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 21, திங்கள்

இங்கே ஏதோ நடக்கிறது.

காலையில் சந்தைக்குப் போய்த் திரும்பினால் முறம் இல்லை, திலகா இல்லை, கார் இல்லை. மத்தியானத்திலிருந்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. சாயங்காலம் திலகா வருகிறாள். முறத்தின் மேல் துணியை விலக்கினால் துண்டுகள் ஓரம் சுருண்டு, கைபட்டால் சலசலக்கின்றன.

எங்கே காய்ந்தது என்றேன். வெயிலில் என்றாள். எந்த வெயில்? கோலசிலாங்கூர் முழுக்க வெயில் விடுமுறையில் போயிருந்ததே.

உள்ளே போய் ஜாடியின் வாயைத் துணியால் கட்டினாள். முடிச்சு வழக்கத்தைவிட இறுக்கம். நான் கவனித்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மறுபடியும் போனாள். மறுபடியும் காய்ந்து வந்தது.

உட்கார்ந்து யோசித்தேன். புக்கிட் செந்தோசாவில் மகள் ரூபினி வீட்டில் ஓவன் அடுப்பு இருக்கிறது. அதில் வைத்து வாட்டுகிறாளோ? போன் போட்டேன். "அம்மா இங்க வரவே இல்லப்பா. நீங்க மறுபடியும் துப்பறிய ஆரம்பிக்காதீங்க லா" என்று வைத்துவிட்டாள். உடனே வைத்ததில் எனக்கு அவள்மேலும் சந்தேகம்.

அப்படியானால் கடை ஊறுகாயா? கடையில் வாங்கி ஜாடியில் கொட்டி, காயவைப்பதாக நாடகமா? என் திலகாவா? ஒரு சிட்டிகை வெந்தயம் கூடிவிட்டால் இரண்டு நாள் முகம் வாடுகிறவளா?

இல்லை. ஆனால் பிறகு என்ன?

ஏப்ரல் 24, வியாழன்

பூனைகள்.

நேற்றுச் சாயங்காலம் கார் வந்து நின்றதும் எதிர் வீட்டுச் சாம்பல் பூனை பின் கதவருகே வந்து உட்கார்ந்தது. இன்று அதனோடு ஒரு கறுப்பன், காது கிழிந்த ஒரு கிழவன், குட்டியோடு ஒரு தாய். விட்டால் தஞ்சோங் காராங் பூனைகளெல்லாம் பஸ் பிடித்து வந்துவிடும். சாம்பல் பூனை சமையலறைக்குள் புகுந்து ஜாடியின் முன்னால் முன்னங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கோயிலில் தீபாராதனைக்குக் காத்திருப்பது போல உட்கார்ந்துவிட்டது.

மாங்காய்க்கும் பூனைக்கும் என்ன சம்பந்தம்? நான் பிறந்து இத்தனை வருடத்தில் மாங்காய் கேட்டு எந்தப் பூனையும் என்னிடம் வந்ததில்லை.

திலகா விளக்குமாற்றை எடுத்தாள். அவள் காதோரம் வியர்த்திருந்தது. அவளுக்குத் தெரியும். பூனைக்கும் தெரியும். இந்த வீட்டில் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

காரின் கால்மிதியில் மணல்.

ஏப்ரல் 26, சனி

கேட்டேவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தபோது, குரலை உயர்த்தாமல், எங்கே போகிறாய் என்று கேட்டேன்.

ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "உங்ககிட்ட ஒன்னு சொன்னா அது சாயங்காலத்துக்குள்ள றெக்க கட்டிக்கிட்டு ஊரச் சுத்திட்டு வரும். பௌர்ணமி முடியட்டும். அப்புறம் சொல்றேன்."

அவ்வளவுதான். அதன்பின் அப்பளம் வேண்டுமா என்று கேட்டாள்.

எனக்கு அப்பளம் இறங்கவில்லை. நான் என்ன, ரேடியோவா? யானை கதை சொல்றவன்கிட்ட வீட்டு விஷயம் நிக்காதா? கட்டின பொண்டாட்டி, இத்தன வருஷம் ஒரே பாயில — ஒரு மாங்கா எங்க காயுதுன்னு எனக்குச் சொல்லக் கூடாதா? பூனைக்குச் சொல்லுவா. எனக்குச் சொல்ல மாட்டா.

சரி. நாளைக்குப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பார்த்தேன்.

மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தேன். மூஞ்சியில் துண்டு, கறுப்புக் கண்ணாடி, ஹெல்மெட். என்னை என் அம்மாவே கண்டுபிடித்திருக்க முடியாது. திலகாவின் கார் ஜெராம் பக்கம் திரும்பி, சுங்கை செம்பிலாங் மீனவக் கிராமத்துக்குள் நுழைந்து, கடலோரம் நின்றது.

மூங்கில் தட்டிகள் வரிசையாக. அதில் கருவாடு. நெத்திலி ஒரு தட்டி, வாளை ஒரு தட்டி, பேர் தெரியாத மீனெல்லாம் வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. கடைசித் தட்டியில் புதுப்பாய். பாயில் எங்கள் மாங்காய்.

பக்கத்தில் ஸ்டூல் போட்டு, கம்பு ஒன்றை வைத்துக்கொண்டு திலகா காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள். கூட கக் ரொஸ்னா, மலாய்க்கார அக்கா, முன்பு தொழிற்சாலையில் இவளோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவர். கருவாட்டுத் தொழில் அவர் குடும்பத்துடையது. இருவரும் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். திலகா அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாகிவிட்டது.

கக் ரொஸ்னா நிமிர்ந்து, "திலகா, உன் புருஷன் எதுக்கு மூஞ்சியில துண்டக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு?" என்று மலாயில் கேட்டார். அந்த அம்மாவுக்குப் பருந்தின் கண்.

திலகா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். நான் பக்கத்தில் போனதும் மெதுவாகச் சொன்னாள், இங்கே மழை பிந்தித்தான் வரும், காற்றும் உண்டு, வேறு வழி தெரியவில்லை என்று. பிறகு:

"புதுப்பாய்தான். தனித் தட்டிதான். மீனு மேல படவே இல்ல, அம்மா மேல சத்தியமா. காத்துல வாசம் வந்தா நான் என்ன பண்ணுவேன்? ஆனா சத்தியசீலன் காதுக்குப் போச்சுன்னா, விரதச் சோத்துல கருவாடுன்னு வாளியோட கொட்டச் சொல்லுவாரு. ரெண்டாவது தடவ என்னால அதப் பாக்க முடியாதுங்க."

துண்டை அவிழ்த்தேன். இன்னொரு கம்பு இருந்தது. எடுத்துக்கொண்டு உட்கார்ந்து சாயங்காலம்வரை காக்கை விரட்டினேன்.

ஏப்ரல் 30, புதன்

துண்டுகள் தயார். வறுத்த வெந்தயம், கடுகுப் பொடி, மிளகாய்த் தூள், பெருங்காயம், காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெய். எண்ணெய் மேலே மிதக்க வேண்டும் என்று குனிந்து குனிந்து பார்த்தாள்.

ஒரு துண்டு எனக்கு. நல்ல புளிப்பு, நல்ல காரம். அடியில் ஏதோ ஒன்று. கருவாடா? எனக்கு வாசம் அடிப்பதால் தெரிகிறதா, தெரிந்துவிட்டதால் வாசம் அடிக்கிறதா?

ஒன்றுமே இல்லை என்று சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

மே 3, சனி

கோயிலில் காப்புக் கட்டியாயிற்று. சத்தியசீலன் கையிலும் மஞ்சள் கயிறு. மனுஷன் இனி மீன் கடைப் பக்கம் மூச்சுகூட விடமாட்டார். வேலி ஓரம் நின்று, இந்தப் பூனைகள் ஏன் உங்கள் வீட்டையே சுற்றுகின்றன அண்ணே என்று கேட்டார்.

சும்மா கேட்டாரா? கண்ணைச் சுருக்கிக் கேட்டார். எனக்கு வயிற்றுக்குள் ஒரு ரகசியம் கிடந்து உருண்டது. வெளியே விட்டால் என்ன சுகமாக இருக்கும். நான் பூனைகளுக்கு மலாய் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மே 8, வியாழன்

இன்றும் யாருக்கும் சொல்லவில்லை. உடம்பு இளைத்துவிட்டது.

மே 12, திங்கள். சித்ரா பௌர்ணமி

தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

கொட்டகை நிறையக் கூட்டம். வாழை இலையில் சோறு, சாம்பார், கூட்டு, பாயசம். திலகா புதுப் புடவையில், ஊறுகாய் வாளியும் கரண்டியுமாக. பூஞ்சை இல்லை, ஒரு பொட்டு இல்லை. முதல் வரிசை சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் என்றது. அவள் முதுகு நிமிர்ந்துகொண்டே போனது.

அப்போதுதான் வந்தது. எங்கள் தெருப் பூனை இல்லை, கோயில் பக்கத்து ஏதோ ஒரு வெள்ளைப் பூனை. சாம்பாரைத் தாண்டி, பாயசத்தைத் தாண்டி, நேராக வந்து, ஊறுகாய் வாளியின் முன்னால் முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்தது. விரட்டினார்கள். போய்விட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது.

சத்தியசீலன் இலையிலிருந்து தலையைத் தூக்கினார். கரண்டி வைத்திருந்த திலகாவின் கை நின்றது.

"என்னண்ணே இது? பால் பாயசத்த விட்டுட்டு ஊறுகாக்கு வருது. அண்ணி, ஊறுகாயில என்ன போட்டீங்க?"

பொய் சொல்லத் திலகாவுக்குத் தெரியாது. அம்மன் சன்னதி முன்னால் அதுவும். அவள் வாய் திறந்திருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள்.

நான் எழுந்தேன். தோளில் துண்டைச் சரிசெய்தேன். யானை கதைக்கு வைத்திருக்கிற குரலை எடுத்தேன்.

"சத்தியசீலா, கோயில்ல நின்னுக்கிட்டு மறைக்க மாட்டேன். இந்த மாங்கா காஞ்சது சுங்கை செம்பிலாங் கடற்கரையில. ஒரு பக்கம் நெத்திலி, ஒரு பக்கம் வாளை, நடுவுல புதுப்பாய் போட்டு நம்ம மாங்கா. நானே மூஞ்சியில துண்டக் கட்டிக்கிட்டுப் பின்னால போய்ப் பார்த்தேன். சாயங்காலம் வரைக்கும் காக்கா விரட்டினேன். அந்தக் காத்து வாசத்துக்குத்தான் பூனை வந்திருக்கு."

என் வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு சொல்கூடக் கூட்டாமல், ஒரு மீனைக்கூடப் பெரிதாக்காமல் பேசிவிட்டு நிற்கிறேன். வியர்த்து ஊற்றுகிறது.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "மாமா ஆரம்பிச்சிட்டாரு லா."

சிரிப்பு வெடித்தது. ஒருவருக்குப் புரை ஏறியது. சத்தியசீலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூஞ்சியில் துண்டு கட்டினாராம், காக்கை விரட்டினாராம் என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். திமிங்கலம் வரவில்லையா என்று கேட்டார். இல்லை, உள்ளதைத்தான் சொல்கிறேன் என்றேன். இன்னும் சிரித்தார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இலையை முன்னால் தள்ளினார். "போடுங்கண்ணி. நெத்திலி பக்கத்துல இருந்த துண்டாப் பார்த்துப் போடுங்க."

திலகா போட்டாள். இரண்டு துண்டு.

மே 13, செவ்வாய்

திலகா காலையிலிருந்து என்னைப் பார்த்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா?

மே 17, சனி

சத்தியசீலன் வெறும் போத்தலோடு வேலியோரம் வந்தார். மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். இனி வருடா வருடம் அண்ணிதான் என்று கூட்டத்தில் எழுதியாகிவிட்டதாம். எங்கள் மாடி நிழல் உங்கள் வாசலை மறைக்கிறதே, காயவைக்க எங்கள் மொட்டை மாடிக்கே வாருங்கள் என்று அவரே அழைத்தார். திலகா யோசித்துவிட்டு, வேண்டாம் தம்பி, எங்களுக்கு ஒரு இடம் இருக்கிறது என்றாள்.

உள்ளே வந்து, கக் ரொஸ்னாவுக்கென்று ஒரு போத்தலைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

"அடுத்த வருஷம் ரெண்டு ஸ்டூல் எடுத்துக்கிட்டுப் போவோம்" என்றாள்.

ரூபினியோ அவள் பிள்ளைகளோ நாளைக்கு இந்த டைரியைப் படித்தால், தெளிவாக எழுதிவைக்கிறேன்: எல்லாம் புளுகு. விமானம் ஒதுங்கவில்லை. குரங்குக்கு உப்பு தெரியாது. சுங்கை செம்பிலாங் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட இந்தக் கார்த்திகேசுக்குத் தெரியாது.

பூனை வந்தது மட்டும் நிஜம். இதை எழுதும்போதும் ஜாடியின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறது.