இஞ்சினைத் தேய்த்தவர்

மார்ச் 4, செவ்வாய்

மாமா கொடுத்த மோட்டார் சைக்கிள் நடையில் நிற்கிறது. நாற்பத்திரண்டு வயது அதற்கு. எனக்கு அதைவிட ஒரு வயது கூடுதல். ஓடுகிறது. ஆனால் அலுமினிய இஞ்சின் மங்கி, சாம்பல் பூத்துக் கிடக்கிறது. பதிவுக் காலம் வேறு முடிந்துவிட்டது. இருபத்தெட்டாம் தேதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பரிசோதனை. தேறிவிட்டால் வேலைக்கு நானே ஓட்டிக்கொண்டு போவேன். பதினெட்டு வருடமாக என் கணவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, இவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போனது போதும்.

மார்ச் 6

உப்புத்தாள் வாங்கப் போனோம். கேட்டது நான். கடைக்காரர் பதில் சொன்னது இவரிடம்! "சார், எந்த வண்டி சார்?" சாருக்குப் பெட்ரோல் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. நான் என்ன, சார் கையில் தொங்குகிற கூடையா?

மார்ச் 9, ஞாயிறு

மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் வைத்துக்கொண்டு சிலிண்டர் தகடுகளுக்கு நடுவே இருந்த பிசுக்கை எடுத்தேன். நாலு மணி நேரம், இடுப்பு விட்டுப்போயிற்று. நாத்தனார் வந்து நின்று பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு எவ்ளோ பொறுமை, இல்ல அண்ணி?" என்றாள். கரி என் கையில், பாராட்டு அண்ணனுக்கு.

மார்ச் 13

அழப்போவதில்லை. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் இவர் உதவி செய்திருக்கிறார். சாக்கடை அடைப்பு நீக்கும் பொடியைக் கரைத்து இஞ்சின் முழுக்கப் பூசி! அலுமினியத்துக்கு அது ஆகவே ஆகாது. நுரைத்துப் பொங்கி, இப்போது அடுப்புக்கரி நிறம். "ஒரே நாள்ல பளபளன்னு ஆயிடும்னு நெனச்சேன்மா" என்கிறார். யாருங்க கேட்டா உங்கள? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?

மார்ச் 14

கறுப்பைத் தேய்க்க ஆரம்பித்தேன். தனியாக.

மார்ச் 23

கறுப்பு போயே போய்விட்டது. டிரில்லில் உப்புத்தாள் சக்கரம் மாட்டி ஓர் இடம் விடாமல் தேய்த்தேன். அப்புறம் நைஸ் தாளைத் தண்ணீரில் நனைத்து. கடைசியில் பாலிஷ். ஒன்பது நாள், இரண்டு நகம். இப்போது குனிந்தால் என் முகம் தெரிகிறது, மூக்கில் அப்பிய மசி உட்பட.

பக்கத்து வீட்டுக்காரர், "யார்கிட்ட குடுத்தீங்க? நல்ல வேலைக்காரனா இருக்கானே" என்றார். நான்தான் என்றேன். சிரித்தார். சிரிக்கிறார்!

மார்ச் 28

அதிகாரி குனிந்தார். தடவினார். டார்ச் அடித்தார். "இஞ்சின் நம்பர் எங்க?"

சிலிண்டருக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குக் குத்தியிருக்குமாம். அந்த இடம் வழவழவென்று இருந்தது. கறுப்போடு சேர்த்து நம்பரையும் வழித்து எடுத்திருக்கிறேன்.

இவர் என் காதோடு சொன்னார்: "நம்பர் பக்கம் தேய்க்கக் கூடாதுன்னு அன்னிக்கே, நீ முன்னாடி வெளிய போனப்ப, அந்த உப்புத்தாள் கடைக்காரர் சொன்னாரு. உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்." இவரிடம் சொன்னாராம்! தேய்க்கிறவளை விட்டுவிட்டு!

"யாரு தேய்ச்சது?" அதிகாரி இவரைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நான்தாங்க."

என்னைக் காப்பாற்றுகிறார். முகம் வெளிறிப்போய் நின்றார், பாவம். எனக்காகத்தான் சொன்னார், தெரியும். ஆனாலும் இவரைத் தாண்டி முன்னால் போய் நின்றேன்.

"இல்ல சார், நான். மண்ணெண்ணெய் போட்டது, தாள் போட்டது, பாலிஷ் போட்டது, நம்பரை அழிச்சது, எல்லாம் நான். இவருக்கு ஒண்ணும் தெரியாது."

வண்டிக்கு அனுமதி இல்லை. விசாரணை முடிந்து புது நம்பர் குத்த நாலு மாதம் ஆகலாமாம். வீட்டுக்குத் திரும்பியது இவர் வண்டியில், இவர் முதுகைப் பார்த்துக்கொண்டுதான்.

மார்ச் 31

விளக்கக் கடிதம் கொடுக்கப் போனேன். அதிகாரி இரண்டு தடவை படித்தார். இவர் பக்கத்தில்தான் நின்றார்; அதிகாரி என்னிடம் கேட்டார்: "அவ்ளோ கறுப்பை எப்படிம்மா எடுத்தீங்க? எங்கிட்டயும் ஒரு பழைய வண்டி கெடக்கு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மொதல்ல நம்பர் எங்க இருக்குன்னு பாருங்க சார்" என்று ஆரம்பித்தேன்.