தனியாகப் போன பேச்சுவார்த்தை

ஜூலை 1, 2025, செவ்வாய்

காலையிலிருந்து மூன்று காதணி விழா, ஒரு சாவு. எம்.எல்.ஏ. வேலை என்றால் இதுதான். சட்டமன்றத்தில் எங்கள் கட்சிக்கு நான் ஒருவன்தான். கொறடாவும் நானே, கொறடா சொன்னால் கேட்கவேண்டியவனும் நானே.

சாயங்காலம் பிரதீபா வந்தாள். பூவம் பக்கத்து டைல்ஸ் கம்பெனியில் சங்கம் ஆரம்பித்ததற்காக முப்பத்திரண்டு பேரை நிறுத்திவிட்டார்களாம். அவள்தான் சங்கச் செயலாளர். "நீங்க குடுத்த தைரியத்துலதான் தோழர் ஆரம்பிச்சோம்" என்றாள். பார்க்கிறேன் என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

கம்பெனி வாயிலில் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். போக நேரமில்லை. அமைச்சர் காரைக்கால் வந்திருந்தார்.

ஜூலை 7, திங்கள்

மேலாளர் போன் செய்தார். சங்கத்தோடு பேசமாட்டாராம், நான் மட்டும் வந்தால் பேசுவாராம். காரிலேயே உள்ளே போனேன். பந்தலில் இருந்தவர்கள் எழுந்து கும்பிட்டார்கள்.

ஏ.சி. அறை, டீ, முந்திரி. இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டியதில் இருபது பேரைத் திரும்ப எடுக்கச் சம்மதித்தார். மீதிப் பன்னிரண்டு பேர் முடியவே முடியாதாம். பிரதீபா அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி. சரி என்று கைகொடுத்துவிட்டேன். களைப்பு — வேறென்ன சொல்ல?

வெளியே வந்து சொன்னேன். யாரும் கத்தவில்லை. பிரதீபா மட்டும் கேட்டாள்: "யாரைக் கேட்டுத் தோழர் ஒத்துக்கிட்டீங்க?"

ஜூலை 8, செவ்வாய்

பேச்சுவார்த்தைக்கு எவரும் தனியாகப் போகக்கூடாது, இரண்டு தொழிலாளியாவது கூட இருக்கவேண்டும். நூற்பாலையில் இருந்த காலத்தில் இதைச் சங்க விதியாக எழுதிவைத்ததே நான்தான். தனியாகப் போய்வந்த ஒரு தலைவரைப் பொதுக்குழுவில் நிற்கவைத்துக் கிழித்தவனும் நான்தான். எப்படி மறந்தேன்? மறந்தேனா, இல்லை, தனியாகப் போவது வசதியாக இருந்ததா?

மனைவி நீலாயதாட்சியிடம் சொன்னேன். இருபது பேருக்காவது கிடைத்ததே என்று தேற்றுவாள் என நினைத்தேன். "அந்தப் பன்னெண்டு வீட்டுல இன்னைக்கு ஒங்களப் பத்தி என்ன பேசுவாங்க?" என்றாள்.

ஜூலை 9, புதன்

வேலை கிடைத்த இருபது பேரும் உள்ளே போகவில்லை. ஒருவர்கூட.

ஜூலை 11, வெள்ளி

பழகிய ஆள் இல்லாமல் சூளையை ஓட்டமுடியவில்லையாம். கம்பெனி திணறுகிறது. அமைச்சர் அலுவலகத்திலிருந்து போன்: உங்கள் ஆட்கள்தானே, சொல்லி உள்ளே அனுப்புங்கள் என்று. என் ஆட்களா? போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

தொழிலாளர் அலுவலகத்தில் சமரசப் பேச்சு. அதிகாரி தன் பக்கத்திலேயே எனக்கு நாற்காலி போட்டிருந்தார். முப்பது வருடம் தொழிலாளர் வரிசையில் உட்கார்ந்தவன் நான். உட்காரப்போகும்போது பிரதீபா எழுந்தாள். "கம்பெனியும் சங்கமும் பேசுறது சார் இது. எம்.எல்.ஏ. வெளியில இருக்கட்டுங்க."

தோழர் என்று சொல்லவில்லை. கோபம் வந்தது, மறைப்பானேன். நான் பிறக்குமுன்பே பிறந்தவள் மாதிரி பேசுகிறாளே என்று வெளிப்பெஞ்சில் உட்கார்ந்து பொருமினேன். மூன்று மணி நேரம்.

முப்பத்திரண்டு பேருக்கும் வேலை. சங்கத்தோடு பேசவும் கம்பெனி ஒப்புக்கொண்டது. சந்தோஷம், நிஜமாகவே சந்தோஷம். ஆனால் நான் இல்லாமல் கிடைத்திருக்கிறது. நான் இல்லாததால் கிடைத்ததோ?

படியிறங்கும்போது பிரதீபா பக்கத்தில் வந்தாள். "நாளைக்குக் காலையில வாயில்கூட்டம். வாங்க தோழர். பேச வேணாம், வந்து நில்லுங்க."

ஜூலை 16, புதன்

பஸ்ஸில் போனேன். கூட்டத்தின் கடைசியில் நின்றேன். யாரும் முன்னே அழைக்கவில்லை. பிரதீபா மைக்கில் பேசினாள். லாரிச் சத்தத்தில் பாதிகூடக் காதில் விழவில்லை. என்ன சொல்கிறாள் என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன்.

"இங்கேருந்து எப்பவுமே கேக்காதுங்க" என்றார்.

முப்பது வருடம் வாயில்கூட்டங்களில் பேசியிருக்கிறேன். கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை.